மெனு எங்கே போனது?

2011க்கு முன் லினக்ஸ் பழகியவர்களுக்குத் திரையின் மேல் இடது மூலை மறந்திருக்காது. அப்ளிகேஷன்ஸ், பிளேசஸ், சிஸ்டம் என்று மூன்று சொற்கள் அங்கே இருக்கும். எந்த மென்பொருள் வேண்டுமானாலும் அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம். கீழே ஒரு பட்டை. திறந்து வைத்த சாளரங்கள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். க்னோம் 2 என்ற முகப்பு அது. 2011 ஏப்ரல் 6ஆம் தேதி க்னோம் 3 வெளியானது. மூன்று சொற்களும் போயின. கீழ்ப்பட்டை போனது. சாளரத்தைச் சுருக்கி வைக்கும் பொத்தான்கூடப் போனது. அதே மாதம் 28ஆம் தேதி வந்த உபுண்டு 11.04 என்ற லினக்ஸ் தொகுப்பு, க்னோமின் புது முகத்தையும் ஏற்காமல், யூனிட்டி என்ற தன் சொந்த முகப்பை முன்னால் வைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸ் என்பது அடியில் ஓடும் கரு. நாம் பார்ப்பதும் தொடுவதும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் முகப்பு. க்னோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ எல்லாம் தனித்தனிக் குழுக்கள் எழுதும் தனித்தனி முகப்புகள். கரு மாறாமலே முகப்பை மாற்றலாம். முகப்பு மாறாமலே கருவையும் மாற்றலாம். விண்டோஸில் பழகிய நமக்கு இந்தப் பிரிவு சட்டென்று பிடிபடாது.

க்னோம் குழு ஏன் ஒரேயடியாக மாற்றியது? அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. க்னோம் 2 வந்தது 2002இல். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகவே திருத்தி வந்தார்கள். இந்த வழியில் ஒரு பொத்தானை நகர்த்தலாம், ஒரு அமைப்பைச் சேர்க்கலாம். அடித்தளத்தையே மறுபடி யோசிக்க முடியாது. பழைய நிரல்கள் அடியில் தேங்கிக்கொண்டே போகும். இதற்கிடையில் கணினிகளின் வரைகலைத் திறன் பல மடங்கு வளர்ந்துவிட்டது. 2008இலேயே புது வடிவத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது.

ஆனால் மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு. மும்பை பவாயில் உள்ள ஐஐடி பம்பாயில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் என்ற திட்டத்தைப் பாருங்கள். திறந்த மூல மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான காணொளிகளாகக் கற்றுத்தருகிறார்கள். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் மாற்றிக் கொடுக்கிறார்கள். திரையின் ஒரு பாதியில் பாடம் ஓடும். மறுபாதியில் மாணவர் அதையே செய்து பார்ப்பார். அதாவது பாடத்தில் தெரியும் திரையும் மாணவர் கண்முன் இருக்கும் திரையும் ஒன்றாக இருந்தால்தான் படிப்பு நகரும்.

முகப்பு மாறினால் இந்த முறையில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அப்ளிகேஷன்ஸ் மெனுவைச் சொடுக்குங்கள் என்று குரல் சொல்கிறது. மாணவர் திரையில் அப்படி ஒரு மெனுவே இல்லை. பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். பாடத்தைத் திருத்துவதானால் திரையை மறுபடி பதிவு செய்யவேண்டும், பிறகு ஒவ்வொரு மொழிக் குரலையும் அதோடு பொருத்தவேண்டும். அவர்களுடைய பல பாடங்களில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறக்க மெனு வழியைச் சொல்லாமல் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. முகப்பு எத்தனை முறை முகம் மாற்றினாலும் அந்த விசைகள் உபுண்டுவில் வேலை செய்கின்றன.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. க்னோம் 3இன் புது முகப்புக்கு முப்பரிமாண வரைகலை முடுக்கம் தேவைப்பட்டது. அது இல்லாத பழைய கணினிகளுக்கு ஒரு மாற்று முகப்பைக் கொடுத்தார்கள். 2013 மார்ச்சில் வந்த 3.8 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். உபுண்டு கொடுத்த அவகாசம் இன்னும் குறைவு: 11.04இல் இருந்த பழைய முகப்பு ஆறே மாதத்தில், 11.10இல், காணாமல் போனது. வேகமான மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. புதியது வந்த கையோடு பழையதைப் பிடுங்கியதுதான் தவறு என்பேன்.

பிடுங்கினாலும் திறந்த மூலத்தில் பழையது சாவதில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் 2011இலேயே க்னோம் 2இன் நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார். க்னோம் 3உடன் மோதாமல் ஒரே கணினியில் இருக்க வேண்டும் என்பதற்காக உள்ளே இருந்த நிரல்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. நாட்டிலஸ் என்ற கோப்பு மேலாளர் காஜா ஆனது. லினக்ஸ் மின்ட் என்ற தொகுப்பின் குழுவோ, க்னோம் 3இன் அடித்தளத்தின்மேல் பழைய பாணி மெனுவோடு சின்னமன் என்ற முகப்பைக் கட்டியது. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3ஐப் பகிரங்கமாகக் கடிந்துகொண்டு எக்ஸ்எஃப்சிஈக்குப் போனார். பிற்பாடு திரும்பியும் வந்தார். விண்டோஸ் 8 2012இல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்தபோது அதன் பயனர்களுக்கு இப்படி வேறு வீடு கிடையாது. நிறுவனமே மனம் மாறும்வரை காத்திருந்தார்கள்.

மெதுவான மாற்றம் என்றால் மாறாமல் கிடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மும்பையில் வடாலா ரோடு வழியாகப் போகும் ஹார்பர் லைன் ரயில் பாதையைப் பாருங்கள். 1925இலிருந்து நேர்மின்சாரத்தில் ஓடிய லோக்கல்கள் 2016 ஏப்ரலில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு முழுமையாக மாறின. மும்பை முழுக்க இந்த வேலை பல ஆண்டுகள் நடந்தது. இடைக்காலத்தில் இரண்டு மின்சாரத்திலும் ஓடக்கூடிய வண்டிகளை விட்டார்கள். மேலே மின்கம்பி மாறியது. பயணி ஏறும் கதவு மாறவில்லை.

மாட்டேயும் எக்ஸ்எஃப்சிஈயும் செய்தது இதையேதான். பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் வரைந்து தரும் ஜிடிகே என்ற கருவித்தொகுப்பின் மூன்றாம் பதிப்பு 2011இல் வந்தது. மாட்டே அதற்கு முழுதாக மாறியது 2017இல், எக்ஸ்எஃப்சிஈ 2019இல். மெனு இருந்த இடத்திலேயே இருந்தது. திரையில் படம் வரையும் பழைய எக்ஸ் முறையிலிருந்து வேலாண்டு முறைக்கு க்னோம் போன விதமும் இப்படித்தான். ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பு 2016இல் அதை இயல்பாக்கியது. உபுண்டு 17.10இல் முயன்று, 18.04இல் பின்வாங்கி, 21.04இல் மறுபடி ஏற்றது. பழைய மென்பொருள்கள் ஓட எக்ஸ்வேலாண்டு என்ற பாலத்தை இடையில் வைத்தார்கள். இவ்வளவு பெரிய மாற்றம் நடந்ததே பலருக்குத் தெரியாது. 2021இல் க்னோம் 40 பணித்தளங்களை மேலும் கீழுமாக அடுக்காமல் பக்கவாட்டில் வரிசைப்படுத்தியபோது, முன்கூட்டியே பயனர்களிடம் சோதித்துப் பார்த்த பிறகே வெளியிட்டார்கள்.

உங்கள் உபுண்டுவில் மெனு காணவில்லை என்றால் செய்யவேண்டியது சிறிதுதான். மாட்டேயையோ எக்ஸ்எஃப்சிஈயையோ நிறுவிக்கொள்ளுங்கள். நுழைவுத் திரையில் உங்கள் பெயரைச் சொடுக்கியதும் வலது கீழ் மூலையில் ஒரு பற்சக்கரக் குறி தெரியும். அதில் வேண்டிய முகப்பைத் தேர்ந்து, பிறகு கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்தத் தேர்வு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனியாக நினைவில் நிற்கும். வீட்டில் ஒரே கணினி இருந்தாலும், அக்கா பழைய மெனுவில் வேலை பார்க்கலாம், தம்பி புது க்னோமில் பழகலாம்.