பற்றுச்சீட்டு பணமாகுமா?

வீட்டிற் பயனின்றிக் கிடக்கும் தையல் இயந்திரத்தை விற்க எண்ணி இணையத்தில் விளம்பரம் செய்கின்றோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒருவர் தொலைபேசியில் அழைக்கின்றார். பேரம் பேசாது கேட்ட விலைக்கு இசைகின்றார். சிறிது நேரத்தில், நமது கணக்கில் வைப்பிலிட்டதற்கான பற்றுச்சீட்டின் படம் வருகின்றது. மறுநாட் காலையில் வாகனம் வாசலில் நிற்கின்றது.

பல வேளைகளில் அவர் இட்டது காசன்று, காசோலை. நம் நாட்டிற் காசோலைகள் 2006ஆம் ஆண்டு முதல் படமெடுத்தே தீர்க்கப்படுகின்றன. ஆயினும் அடுத்த வங்கி வேலைநாளுக்கு முன் பணம் சேராது. வெள்ளியன்று இட்ட காசோலை பணமின்றித் திரும்பினால், அது திங்கட்கிழமைக்கு முன் நமக்குத் தெரியவராது. பொருளோ சனிக்கிழமையே போய்விடும்.

ஆதலால், எடுக்கக்கூடிய மீதியிற் பணம் சேர்ந்துள்ளதென நாமே வங்கியிற் கேட்டறிந்த பின்னரே பொருளைக் கொடுத்தல் வேண்டும். பணம் அனுப்புவதாகக் கூறி, நமது கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பாரும் உளர். பணம் பெறுவதற்கு நமது பெயரும் வங்கியும் கணக்கிலக்கமும் போதும். இரகசிய இலக்கமோ நம் பணத்தை எடுப்பதற்கே வழிசெய்யும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது விற்பவர்க்கும் பொருந்தும். உண்மையாக வாங்க வருபவர் இரண்டு நாள் பொறுப்பார். பொறாதவருக்கு விற்காதிருப்பதே நன்று.