கைகாட்டியும் பொது நினைவகமும்

தமிழாசிரியன் ஒருவன் கணினியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகையை விளைவிக்கலாம். ஆயினும், கணினி நூலார் 'செமபோர்' என வழங்குஞ் சொல் புகையிரதப் பாதையிலிருந்து சென்றது. அப்பொருளுக்குக் 'கைகாட்டி' என்னுந் தமிழ்ப் பெயர் நம்மிடத்தே நெடுங்காலமாக உளது. ஆதலின் அதனை விளக்குதற்கு எமக்கும் ஓரளவு உரிமையுண்டு.

கணினியொன்றிலே ஒரே காலத்திற் பல செயன்முறைகள் இயங்குகின்றன. ஒன்றன் நினைவகத்தை மற்றொன்று காணாவண்ணம் பணிசெயல் முறைமை அவற்றினிடையே மதிலெழுப்பியுள்ளது. இரண்டு செயன்முறைகள் ஒரு தொழிலைக் கூடிச் செய்ய நேரின் அம்மதிலே இடையூறாகும். அப்பொழுது இரண்டற்கும் பொதுவான நினைவகப் பகுதியொன்று வேண்டப்படும். 'சி' மொழியில் எழுதுவோர் எஸ்எச்எம்_ஓப்பன் என்னுஞ் சார்பினால் அதனைத் தோற்றுவித்து, எஃப்ட்ரங்கேட் என்பதனால் அளவை வரையறுத்து, எம்மேப் என்பதனால் தத்தம் முகவரிப் பரப்பில் இணைத்துக்கொள்வர். இணைத்தபின், ஒன்று எழுதியதை மற்றொன்று படியெடுக்காமலே காணலாம். இதனினும் விரைவான பரிமாற்றம் இல்லை. ஆனாற் காவலும் இல்லை.

ஒரு பொருட்காட்சிக்கு இரு வாயில்கள் எனக் கொள்வோம். வாயிலுக்கொரு செயன்முறை, உட்சென்றோர் தொகை பொது நினைவகத்தில் உளது. தொகையுடன் ஒன்றைக் கூட்டுக என்பது சி மொழியில் ஒரே வரி. பொறிக்கோ அது பெரும்பாலும் மூன்று வினைகள்: எடுத்தல், கூட்டல், இடல். தொகை 10 ஆக இருக்கையில் முதல் வாயில் அதனை எடுக்கின்றது. திரும்ப இடுமுன் இரண்டாம் வாயிலும் 10ஐயே எடுக்கின்றது. இரண்டும் 11 என எழுதுகின்றன. பன்னிருவர் உள்ளே நிற்க, பதினொருவர் என்கின்றது கணக்கு. இப்பிழை ஒவ்வொரு முறையும் நிகழ்வதன்று. ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தும் புலப்படாது ஒளிந்திருத்தல் கூடும். அதுவே இதன் கொடுமை.

பொருட்காட்சிக் கணக்காயின் நகைத்து விடலாம். தெரக்-25 என்னுங் கதிர்ச்சிகிச்சைப் பொறியிலோ இவ்வினப் பிழை உயிர் குடித்தது. அதன் செய்நிரல் சி மொழியினதன்று. ஆயினும் உடனியங்கிய பணிகள் பொது மாறிகளைத் தக்க காவலின்றிக் கையாண்டன. இயக்குநர் தாம் பதித்ததை விரைந்து திருத்தியபோது, அத்திருத்தம் முழுவதும் எல்லாப் பணிகளையும் சென்றடையவில்லை. 1986ஆம் ஆண்டிலே டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் நோயாளர் இருவர் அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளாகி மாண்டனர்.

ஒல்லாந்து நாட்டறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1960களின் தொடக்கத்தில் இத்தகைய பிணிக்கு மருந்து கண்டிருந்தார். அவர் கண்ட கைகாட்டி ஓர் எண்ணே. அதன்மீது இரண்டே வினைகள். அவற்றைப் 'பி' எனவும் 'வி' எனவுங் குறித்தார். கடந்துசெல்லல், விடுவித்தல் என்னும் பொருளுடைய ஒல்லாந்தச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை. புகையிரதச் சைகை வழக்கினின்றும் எடுக்கப்பட்டவை. சி மொழியில் இவை செம்_வெயிட், செம்_போஸ்ட் எனப்படும். முன்னது, எண் பூச்சியத்தின் மேற்பட்டதாயின் ஒன்றைக் குறைத்துச் செல்லவிடும். பூச்சியமாயின் காத்திருக்கச் செய்யும். பின்னது ஒன்றைக் கூட்டிக் காத்திருப்போருள் ஒருவரை எழுப்பும். பார்த்தலுங் குறைத்தலும் இடையறவு படாத ஒரே வினையாதலே இதன் உயிர்நிலை. மலைநாட்டு ஒற்றைப் பாதையிற் பயணஞ் செய்தோர், நிலைய அதிபர் வண்டியோட்டியிடம் வளையத்தோடு ஒரு தகட்டை ஒப்புவிப்பதைக் கண்டிருப்பர். அதுவும் இக்கருத்தின் உறவே.

தொடக்க எண்ணை 1 என வைத்து, மேற்கூறிய வரிக்கு முன் செம்_வெயிட்டும் பின் செம்_போஸ்ட்டும் இட்டாற் கணக்கு வழுவாது. ஆனால் இரு வாயில்களும் இவ்வொழுங்கைப் பேணல் வேண்டும். கைகாட்டி நினைவகத்தைப் பூட்டுவதன்று. அதனைப் பாராது ஓடும் வண்டியை அது தடுக்கமாட்டாது. மாணவர் இடறும் இடம் மற்றொன்று: செம்_இனிட் என்னுஞ் சார்பின் இரண்டாம் உறுப்பை 0 என விட்டால், கைகாட்டி ஒரு செயன்முறையின் இழைகளுக்கு மட்டுமே உரியதாகும். செயன்முறைகளிடையே பயன்பட வேண்டின் அவ்வுறுப்புப் பூச்சியமல்லாததாகவும், கைகாட்டி பொது நினைவகத்துள்ளேயே அமைந்ததாகவும் இருத்தல் வேண்டும்.

கைகாட்டியைக் கடந்த செயன்முறை அதனை விடுவிக்குமுன் இறந்துபடின், மற்றவை காத்தே கிடக்கும். பழைய 'சிஸ்டம் ஃபைவ்' முறையிற் செம்_அண்டூ என்னுங் குறியை இட்டால், மாண்டது எடுத்ததைப் பணிசெயல் முறைமையே திருப்பி வைக்கும். ஈண்டு விளக்கிய முறையில் அவ்வசதி இல்லை. பொது நினைவகமும் தானே மறைவதன்று. செயன்முறைகள் யாவும் முடிந்த பின்னரும், எஸ்எச்எம்_அன்லிங்க் கொண்டு நீக்குமளவும், அன்றேற் கணினியை மீளத் தொடக்குமளவும், அஃது அங்கேயே கிடக்கும்.