பண்ணாதீங்க ப்ளீஸ்!

‘ட்ரை பண்றேன்’, ‘வெயிட் பண்ணு’, ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’, ‘கட் பண்ணிட்டான்’... ஒரு நாளைக்கு எத்தனை ‘பண்ணு’ சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? (அதாவது, கவுன்ட் பண்ணிப் பார்த்ததுண்டா?) எந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்கிற இந்த ஒரே வினை, லாட்ஜ் மேனேஜரின் மாஸ்டர் சாவி மாதிரி எல்லாக் கதவையும் திறந்துவிடுகிறது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். வம்பெல்லாம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டில்தான்.

‘அம்மா சமையல் செய்தார்’ என்று எழுதுகிறான் எட்டாம் வகுப்புப் பையன். தப்பில்லை. ஆனால் அந்த அம்மா அடுப்படியில் நிஜமாக என்ன செய்தார்? கடுகைத் தாளித்தார், வெங்காயத்தை வதக்கினார், உளுந்தை வறுத்தார், அப்பளத்தைப் பொரித்தார், தேங்காயைத் துருவினார், கீரையைக் கடைந்தார். இட்லி என்றால் அவித்தார், தோசை என்றால் வார்த்தார், உப்புமா என்றால் கிளறினார், முறுக்கு என்றால் பிழிந்தார். வதக்குவது வேறு, வறுப்பது வேறு, பொரிப்பது வேறு. மாற்றிச் செய்தால் வீட்டில் ஒருத்தரும் வாயில் வைக்க மாட்டார்கள்! இதில் ஒரு சொல்கூடப் பையனுக்குத் தெரியாததல்ல. தட்டின் முன்னால் உட்கார்ந்தால் தெரிகிறது. பேனாவை எடுத்தால் மறந்துபோகிறது.

தண்ணீரும் அப்படித்தான். கயிறு கட்டிக் கிணற்றிலிருந்து எடுத்தால் சேந்துவது. அண்டாவில் செம்பை முக்கி எடுத்தால் மொள்வது. வயலுக்குப் பாய்ச்சுவது, வாசலுக்குத் தெளிப்பது. குழாய் வந்தது, எல்லாம் ‘தண்ணி பிடி’ ஆகிவிட்டது.

பி.காம். புத்தியாச்சே, எனக்கு இதில் வரவு செலவுதான் முதலில் கண்ணில் படுகிறது. ‘சத்தமில்லாமல் மறைந்து மறைந்து போனான்’ என்பதற்கு நாலு சொல் செலவு. ‘பதுங்கிப் போனான்’ என்றால் இரண்டு. பாதிக்குப் பாதி லாபம்! அதற்காக ‘போனான்’ என்பதை ‘ஏகினான்’ என்று மாற்றச் சொல்லவில்லை. அது பள்ளிக்கூட நாடகத்து ஜிகினா கிரீடம். வகுப்பில் ஒருவன் வாக்கியத்தைப் படிக்க, இன்னொருவன் நடித்துக் காட்டட்டும். ‘நடந்தான்’ என்றால் சும்மா நடப்பான். ‘தள்ளாடினான்’, ‘நொண்டினான்’ என்று படித்துப் பாருங்கள், வகுப்பே பெஞ்சு மேல் ஏறி நின்று பார்க்கும்.

இதெல்லாம் தெரிந்த சொற்கள். தெரியாத சொல் வந்தால்? பாடத்தோடு அருஞ்சொற்பொருள் தந்திருப்பார்கள். மனப்பாடம், பரீட்சை, மறதி. பட்டியலில் இல்லாத சொல் என்றால் பையன் அங்கேயே ஸ்டாப். ‘கோடையில் கிணற்று நீர் அருகியது, குடத்தைத் தரையில் உரசித்தான் மொள்ள முடிந்தது’ என்று ஒரு வாக்கியம். ‘அருகில்’ தெரியுமே, அதனால் ‘தண்ணி பக்கத்துல வந்துச்சு’ என்கிறான்! உடனே தலையில் குட்ட வேண்டாம். “கோடைன்னு ஏன் போட்டிருக்கு? குடம் ஏன் தரையில உரசுது?” இந்த இரண்டு கேள்வி போதும். “ஓ... கொறைஞ்சு போச்சு!” என்று அவனே கத்துவான். தானே கண்டுபிடித்த பொருளாயிற்றே, லேசில் மறக்காது.

இதை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியத்தின் உரியியலிலேயே, ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் வருவதைப் பார்த்துப் பொருள் கொள்ளும் யோசனை இருக்கிறது. ஊகம் சறுக்கவும் செய்யும், அதற்குத்தான் அகராதி. 1992-ல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. ஆனால் முதலில் ஊகம், அப்புறம்தான் அகராதி. வரிசையை மாற்றினால் ஊகிக்கிற பழக்கமே வராது.

மார்க்குக்காக மட்டும் இந்தப் பழக்கம் இல்லை. பத்து வருஷம் கழித்து இதே பையனிடம் ஒரு நண்பன் கடன் பத்திரத்தை நீட்டி, “சும்மா ஒரு கையெழுத்துடா மச்சான்” என்பான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ‘பிணையாளி’ என்றிருக்கும். அந்தச் சொல் நம்ம ஆளுக்குத் தெரியாமலே இருக்கட்டும். கொஞ்சம் மேலே, ‘கடன்தாரர் செலுத்தத் தவறினால் பிணையாளி செலுத்த வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். சுற்றுமுற்றும் படித்துப் பழகியவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, “கடன் எவ்வளவுடா?” என்று கேட்பான்.