நெருப்பில் தழைக்கும் புல்வெளி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில், ஏரோட்டமும் மேய்ச்சலும் கண்டு தன் சுயரூபத்தை இழந்திருந்த பண்ணை நிலமொன்றில், 1930களில் சர்வகலாசாலையின் தாவர உத்தியானத்தார் பூர்விகப் புல்வெளியை மீண்டும் உண்டாக்க முற்பட்டபோது, விதைத்தால் மட்டும் போதாது, நெருப்பும் வேண்டும் என்பதை அநுபவம் அவர்களுக்கு உணர்த்தியது.

நெருப்பு ஏன்? ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய புற்கள் வசந்தத்தின் தொடக்கத்திலேயே துளிர்த்துவிடுகின்றன. பூர்விகப் புற்களோ வெயில் ஏறிய பின்பே எழுகின்றன. ஆகையால் அப்பருவத்தில் இடும் தீ, முந்திக்கொண்ட அந்நியப் புல்லையும் இடையே புகும் மரக்கன்றுகளையும் வாட்டுகிறதேயன்றி, வளரும் முனையை மண்ணுக்குள் மறைத்து, இரண்டு மீட்டருக்கும் கீழே வேரோடியிருக்கும் நீலத்தண்டுப் புல் போன்ற பூர்விகப் புல்லை அழிப்பதில்லை. கருகிய நிலம் சூரிய வெப்பத்தை அதிகமாக ஏற்பதால், பூர்விகப் புல்லின் துளிர் விரைந்து எழவும் செய்கிறது.

எப்படி? காற்றின் திசையையும் ஈரத்தையும் ஆராய்ந்து, சுற்றிலும் தீத்தடுப்புப் பாதை வகுத்து, பயிற்சி பெற்றோர் பகுதி பகுதியாக எரிக்கிறார்கள். பூச்சிகள் புகலடையும் பொருட்டு ஒரு பாகத்தை எரிக்காமல் விடுவதும் உண்டு. தீயைப் போலவே விதைப்புக்கும் உரிய பருவம் உண்டு: பூர்விகத் தாவரங்களின் விதைகளில் பல, குளிரும் ஈரமும் சேர்ந்த பனிக்காலத்தைக் கடந்தாலன்றி முளைப்பதில்லை. ஆதலின் இலையுதிர் காலத்தின் இறுதியில் விதைப்பதே உசிதம்.

1940களில் இத்தீயைப் பரிசோதித்த தாவரவியலாளர் ஜான் கர்ட்டிஸின் பெயரால் அவ்வெளி இன்று வழங்குகிறது. அழித்த இயற்கையை மீட்க விரும்புவோருக்கு அதன் தர்மத்தை அறியும் பொறுமையே முதற் கருவியாகும்.