நித்தம் ஒரு முட்டை

சாமையும் கேழ்வரகும் நெடுங்காலமாக மலையாளிப் பழங்குடியினரின் ஆகாரமாயிருந்து வரும் கொல்லிமலையின் அரியூர் நாட்டிலே, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து சேரும் கோழிமுட்டையும் பள்ளிச் சத்துணவின் வாயிலாக இன்று நிலையானதோர் இடத்தைப் பெற்றுவிட்டது. தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-ஆம் ஆண்டு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் பரிமாறப்படுவதால், நித்தம் அதனை உண்பது சரீரத்துக்கு ஏற்குமா என்று பெற்றோர் வினவுவது நியாயமே.

சுமார் 50 கிராம் எடையுள்ள முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. தானியங்களில் குறைவாயுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் அதில் நிறைந்திருத்தலால், சாமைச் சோற்றோடு சேரும்போது சோற்றின் புரதமும் முழுப் பிரயோஜனம் அளிக்கிறது. மூளைக்கு வேண்டிய கோலினும், ஏ, டி, பி12 வைட்டமின்களும் மஞ்சட்கருவில் உள்ளன. ஆயினும் நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் முட்டையில் அறவே இல்லையாதலால், கீரைக்கும் கொய்யாவுக்கும் அது ஈடாகாது.

இருதய நோய்க்கு முட்டை காரணம் என்ற அச்சத்துக்கு வித்திட்டவற்றுள் ஒன்று, 1913-இல் ருஷ்ய விஞ்ஞானி அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டிய பரிசோதனை. முயலோ தழை தின்னும் பிராணி. மனிதனுடைய கல்லீரலோ, உணவில் கொலஸ்டிரால் மிகுந்தால் தன் உற்பத்தியைப் பெரும்பாலும் குறைத்துக்கொள்ளும் இயல்பினது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 186 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருந்தும், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று விதித்திருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-இல் கைவிட்டதற்கு, கல்லீரலின் இவ்வியல்பை உணர்த்திய ஆராய்ச்சிகளே ஆதாரம். எனினும் நீரிழிவு நோயாளிகளும், பரம்பரையாகக் கொலஸ்டிரால் மிகுந்தவர்களும் வைத்தியரைக் கேட்டு அளவை நிர்ணயித்துக்கொள்வது உத்தமம்.

பச்சை முட்டையே பலம் என்பது பிரமை. பச்சை வெண்கருவிலுள்ள அவிடின் பயோட்டின் சத்தைப் பற்றிக்கொள்வதோடு, சால்மொனெல்லா கிருமியின் அபாயமும் உண்டு. வேகவைத்ததில் சுமார் 90 சதவிகிதப் புரதம் ஜீரணமாகையில், பச்சையாகக் குடித்தால் ஏறக்குறைய பாதியே உடம்பில் சேர்கிறது. அவித்த முட்டையை அறுக்கையில் மஞ்சட்கருவைச் சுற்றித் தோன்றும் சாம்பல் பச்சை வளையம், வெண்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் கூடியதால் உண்டானது. அதனால் தீங்கில்லை, கொதித்த நேரம் சற்று மிகுந்துவிட்டது என்பதே பொருள்.

ஆகவே, ஆரோக்கியமான குழந்தைக்கும் பெரியவருக்கும் கேழ்வரகுக் களியோடும் கீரையோடும் நித்தம் ஒரு முட்டை தாராளமாகத் தகும். கொத்துப் பரோட்டாவில் மூன்று முட்டையை உடைத்து ஊற்றி உண்டு, வரும் கேட்டுக்கு முட்டையை மட்டும் பழிப்பதோ மைதாவையும் எண்ணெயையும் தப்பவிடுவதாகும்.