பழைய கதவு, புதிய பலகை: ஒரே நிறம் வருவது எப்படி?

இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் வீடுகளில் கதவுக்கென்று ஒரு தனிக் கதை இருக்கிறது. 1987 மே மாதம் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ தொடங்கியபோது நெல்லியடி உட்பட வடமராட்சி எங்கும் மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். வலிகாமம் வடக்கில் 1990 இல் வெளியேறிய மயிலிட்டி மக்களுக்குத் தமது துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. திரும்பிச் சென்ற பலருக்குச் சுவர் மட்டுமே மிஞ்சியிருந்தது. கூரைமரம், நிலை, கதவு, யன்னல் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. சிலருக்கு இரட்டைக் கதவில் ஒன்று மிஞ்சியது. வேறு சிலருக்கு உறவினர் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்த ஒரு நிலை மிஞ்சியது.

மிஞ்சியதோடு புதுப் பலகையைச் சேர்த்து நிறம் பூசும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒரு பக்கம் கறுக்கிறது, ஒரு பக்கம் வெளிறுகிறது, நடுவில் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் முழுமையான ஒரு வீட்டுக்குக் கிடைத்த உதவி 550,000 ரூபாய். அத்திவாரத்துக்கும் கூரைக்கும் செலவழித்த பிறகே கதவுக்குக் காசு தேட வேண்டும். அந்தக் கதவுக்கு இரண்டு தரம் கூலி கொடுக்க எல்லோராலும் முடியாது.

நிறம் கெட்டால் நாம் முதலில் குறை சொல்வது ஸ்டெயின் ரின்னைத்தான். ஆனால் பெரும்பாலான திட்டுகளுக்குக் காரணம், ரின் திறக்கப்படுவதற்கு முன்னரே பலகையில் இருக்கிறது.

மரம் குடிக்கும் அளவு

பெயின்ற் மரத்தின் மேல் படலமாக நிற்கும். ஸ்டெயின் அப்படியல்ல, மரத்துக்குள் ஊறும். அதிகம் குடித்த இடம் கறுக்கும், குறைவாகக் குடித்த இடம் வெளிறும். மரத்தின் நடுவிலுள்ள வைரமும் வெளிப்பக்கத்து வெளிறும் ஒரே அளவில் குடிப்பதில்லை. பலகையின் வெட்டுமுகம் மற்றப் பக்கங்களைவிட மிக அதிகமாக உறிஞ்சும். முடிச்சைச் சுற்றி நார் திரும்பும் இடங்களும் அப்படித்தான். மலைவேம்பு போன்ற மென்மையான மரங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும்.

எனவே முதல் வேலை பலகை தெரிவு. ஒரு சோடிக் கதவுக்கு இயலுமானவரை ஒரே குற்றியில் அரிந்த பலகைகளை எடுங்கள். வெளிறு உள்ள பகுதியைக் கழித்துவிடுங்கள். நிறத்துக்கு மட்டுமல்ல, பூச்சி முதலில் அரிப்பதும் அந்தப் பகுதியைத்தான். பலாவைத் தறிக்க 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால், நினைத்தவுடன் பலாப் பலகை கிடைக்காது. கிடைத்த மரங்களைக் கலந்து செய்வதானால் அவற்றுக்கு ஒரே ஸ்டெயின் ஒரே நிறம் தராது என்பதை முன்கூட்டியே மனதில் வையுங்கள்.

தேய்ப்பில்தான் பாதி வேலை

சீவுளி போட்ட பலகை கைக்கு வழுவழுப்பாக இருந்தாலும் அதில் தழும்புகள் இருக்கும். ஸ்டெயின் பட்டதும் அவை கோடுகளாக எழும்பும். சான்ட்பேப்பரில் 80 இலக்கத்தில் தொடங்கி 120, பிறகு 180 என்று படிப்படியாகப் போக வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டினால் பழைய கீறல் அப்படியே நிற்கும். எப்போதும் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். கதவு முழுவதும் ஒரே இலக்கத்தில் முடிய வேண்டும். வெட்டுமுகத்தை மட்டும் 220 வரை தேய்த்தால் அது குடிக்கும் அளவு குறையும்.

மூட்டுகளில் பிதுங்கிய பசை காய்ந்தால் அந்த இடத்தில் ஸ்டெயின் ஏறாது. பூசுவதற்கு முன் தின்னர் தோய்த்த துணியால் கதவை ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். பசை உள்ள இடம் வெளிறித் தெரியும். அதைச் சுரண்டி மீண்டும் தேய்க்கலாம்.

எமது பகுதி மரங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போர் நடந்த காணிகளில் நின்ற மரங்களில் குண்டுச் சிதறல்கள் புதைந்திருப்பதுண்டு. மரத்திலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் நீலங்கலந்த கறுப்புக் கறை உண்டாகும். பழைய ஆணியும் இதையே செய்யும். இரும்பை எடுத்த பின் ஒக்சாலிக் அமிலக் கரைசலால் கறையைக் குறைக்கலாம். அது நஞ்சு. கையுறை போடுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், பின்னர் தண்ணீரால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.

பூசும் முறை

அதே பலகையின் துண்டொன்றை அதே மாதிரித் தேய்த்து, ஸ்டெயினும் மேல் வாணிஷும் பூசிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வாணிஷ் ஏறியதும் நிறம் கடுமையாகும் என்பதால் ஸ்டெயினை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. துண்டிலேயே திட்டு வந்தால், தின்னர் கூட்டி நன்றாக ஐதாக்கிய சீலரை முதலில் ஒரு கை பூசித் தேய்த்துவிட்டுப் பிறகு ஸ்டெயின் பூசிப் பாருங்கள்.

ஒரு கதவுக்கு இரண்டு ரின் தேவையென்றால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். நிறப்பொடி அடியில் தங்கும், அடிக்கடி கிளற வேண்டும். முதலில் உட்பலகைகள், பிறகு குறுக்குச் சட்டங்கள், கடைசியாக நெடுஞ்சட்டங்கள். ஒரு பலகையைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டே நிறுத்துங்கள். தாராளமாகப் பூசி, காய முன்னரே மிகுதியைத் துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும், விரித்துக் காயவிடுங்கள். மாரி மழை நாட்களில் லக்கர் அடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஈரக் காற்றில் அது பால் படிந்தது போல் வெளிறும்.

பழையதும் புதியதும்

புதிதாக அரிந்த பலா மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்பட வருடக்கணக்கில் செம்பழுப்பாகும். அப்பப்பா காலத்துப் பலாக் கதவின் நிறம் அப்படி வந்ததுதான். அதனோடு இன்றே அச்சொட்டாகப் பொருந்தும்படி புதுப் பலகைக்கு நிறம் ஏற்றினால், நாளடைவில் புதியது பழையதைவிடக் கறுத்துவிடும். ஆகவே புதியதைச் சற்று இளநிறமாக விடுவதே நல்லது. பூச முன் சில நாட்கள் வெயிலில் வைத்து, இரு பக்கமும் திருப்பிவிடுவதும் உதவும்.

பழைய கதவை மின் இயந்திரத்தால் ஆழமாகத் தேய்க்க விடாதீர்கள். வெளிச்சத்தில் பழுத்த நிறம் மேற்பரப்பில் மட்டுமே இருக்கிறது. அது போனால் அடியில் வெளிறிய மரம்தான். பழைய பெயின்றில் ஈயமும் இருக்கலாம். அதை உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் போடுவதும் அவசியம்.

திட்டு விழுந்துவிட்டால் அதன் மேல் இன்னொரு தடித்த பூச்சு வேண்டாம், கறுத்த இடம் மேலும் கறுக்கும். ஈரம் காய முன்னர் என்றால் தின்னர் துணியால் கறுத்த இடத்தைத் துடைத்து இளக்கலாம். காய்ந்த பிறகென்றால் மெல்லிய நிறம் கலந்த லக்கரை வெளிறிய இடத்தில் மட்டும் விசிற வேண்டும். அதற்குப் பட்டறையின் கொம்பிரசர் தேவை.

வேலையைக் கொடுக்கும்போது தச்சரிடம் மூன்று விடயங்களைப் பேசிக்கொள்ளுங்கள்: பலகைகள் ஒரே குற்றியா, கடைசித் தேய்ப்பு எத்தனையாம் இலக்கம், நிறம் பூசிய மாதிரித் துண்டை எப்போது காட்டுவார். துண்டைப் பார்த்துச் சம்மதித்த பின்னரே கதவில் கை வைக்கச் சொல்லுங்கள். மிஞ்சிய பழைய கதவு ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது. பரீட்சித்துப் பார்ப்பதைத் துண்டுப் பலகையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.