கல்லிடுக்கில் முளைப்பவை

தேயிலைச் செடியைக் கவாத்து செய்த சில வாரங்களிலேயே அதன் காலடியில் களை எழும்பிவிடும். அதுவரை புல் தலைகாட்டாத மண்தான் அது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைத் தாழ வெட்டும்போது, ஒன்றோடொன்று கோத்து நின்ற இலைக்கூரை போய்விடுகிறது. வெயில் மண்ணைத் தொடுகிறது. மண்ணுக்குள் படுத்திருந்த விதைகளுக்கு அது போதும். மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டிய கிளைகளை அள்ளிக்கொண்டு போகாமல் நிரைகளுக்கு நடுவிலேயே பரப்பிவிடுவது மண்ணுக்கு உரமாகட்டும் என்பதற்காக மட்டுமல்ல, வெயில் உள்ளே விழாமல் இருக்கவும்தான்.

வீட்டு முன் முற்றத்தில் கல் பாவியவர்களுக்கும் இதே சங்கதிதான். தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ ரிங்லெட்டிலோ முற்றம் வைத்திருப்பவர்களின் பாடு சமவெளிக்காரர்களைவிடச் சற்றுக் கூடுதல். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நடுப்பகலிலும் 25 டிகிரியை அரிதாகவே தாண்டும் குளிர், காலையில் மூடுபனி. கல்லுக்கு நடுவே இருக்கும் மணல் முழுதாகக் காய்வதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

களை கீழேயிருந்து வருகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதனால் கல் பாவும்போதே அடியில் பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பழைய கோரைக்கிழங்கும் லாலாங் புல்லின் வேரும் மண்ணில் மிச்சமிருந்தால் அவை கீழிருந்து வரும் என்பது உண்மை. அவற்றைத் தோண்டி எடுக்காமல் கல் வைப்பது வீண் வேலை. ஆனால் ஒழுங்காகப் போட்ட முற்றத்தில் முளைப்பவற்றில் மிகுதியானவை மேலேயிருந்து வந்தவை. காற்று, பறவை, செருப்பு, வண்டிச் சக்கரம் எல்லாமே விதை சுமக்கின்றன. உதிர்ந்த இலையும் தூசியும் இடுக்கில் தங்கி மட்கி, விரற்கடை அளவுக்கு மண்ணாகிவிட்டால் விதைக்கு அதுவே வயல். அடியில் விரித்த தாள் அதைத் தடுப்பதில்லை. நீர் புகாத தாளாக இருந்தால் மழைத்தண்ணீர் கீழிறங்க வழியின்றி நின்று, கல் அசையத் தொடங்கி, இடுக்கு இன்னும் அகலமாகும்.

மிதிபடும் இடத்தை விரும்பி வளரும் ஒரு புல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மலாயில் ரும்புட் சம்பாவ் என்பார்கள். விரல்களை விரித்ததுபோல் கதிர் விடும். நம் கேழ்வரகுக்கு நெருங்கிய காட்டு உறவு. இறுகிய மண்ணில் மற்றவை திணறும்போது இது தரையோடு தரையாகப் படர்ந்து வேரைக் கெட்டியாக ஊன்றிக்கொள்ளும். கையால் இழுத்தால் தழை வரும், வேர் வராது. ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும். மலேசியாவில் இந்தப் புல் களைக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தோற்கடித்து வந்திருக்கிறது. கிளைஃபோசேட் மருந்துக்கு அடங்காத சம்பாவ் 1997இல் பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் பகுதியில் கண்டறியப்பட்டது. குளுஃபோசினேட்டுக்கு அடங்காத களை என்று உலகில் முதன்முதலாக 2009இல் பதிவானதும் இதே புல்தான். பதிவான இடங்களில் ஒன்று கேமரன் மலை இருக்கும் இதே பகாங் மாநிலத்தின் ஜெராண்டுட். ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தை அடித்தால், தப்பிப் பிழைக்கும் ஓரிரு செடிகளின் விதைதான் அடுத்த தலைமுறை முழுவதும். முற்றத்துக்காரர் கடையில் வாங்கி வரும் புட்டிக்கும் இந்த விதி பொருந்தும்.

மருந்தின் கதையில் தமிழ்ப் பெண்களுக்குப் பெரிய பங்குண்டு. அவர்கள் கேட்டு வாங்கிய பங்கல்ல. ரப்பர் காலத்திலிருந்தே தோட்டங்களில் புல் வெட்டும் வேலை பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. 1960களில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி சந்தைக்கு வந்த பிறகு, மண்வெட்டி பிடித்த கைகளில் பலவற்றுக்கு மருந்துத் தொட்டி வந்து சேர்ந்தது. வெயிலில் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மருந்தடிப்பது சொல்வதற்கு எளிது. 2002இல் தெனகனித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலை குறித்து ஆய்வறிக்கை வெளியிட்டது. தலைச்சுற்றல், மூச்சுத் திணறல், தோல் நோய், கண் எரிச்சல் என்று அதில் நீண்ட பட்டியல் இருந்தது. அந்த அமைப்பைத் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ் இந்த விஷயத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பேசிவந்தார். அதே 2002இல் மலேசிய அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது; 2006இல் அதைத் தளர்த்தியது; முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். விழுங்கியவருக்கு மாற்று மருந்து இல்லாத ஒரு நஞ்சை நிறுத்த இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

முற்றத்தில் மருந்தடிப்பதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. வயலில் தெளித்தால் மண் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். கல்லின்மேல் தெளித்தால் அடுத்த மழையில் அது நேரே சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்கு. இந்தக் காரணத்தையும் முன்வைத்து நெதர்லாந்து 2016இல் கல் பாவிய தளங்களில் தொழில்முறையாகக் களைக்கொல்லி தெளிப்பதை நிறுத்தச் சொன்னது. பிரான்ஸ் 2017இல் பொதுப் பூங்காக்களுக்கும் 2019இல் வீட்டுத் தோட்டங்களுக்கும் ரசாயன மருந்துகளுக்குத் தடை போட்டது. கேமரன் மலையில் ஆறு என்பது தொலைவில் இல்லை, பெரும்பாலான முற்றங்களுக்கு அடுத்த பள்ளத்திலேயே இருக்கிறது.

அதற்காகப் புல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று தரையைச் சுரண்டுவதும் ஆபத்து. இலங்கையின் மலைநாட்டில் தோட்டத் துரைமார் ஒரு காலத்தில் அப்படித்தான் பிடிவாதம் பிடித்தார்கள். சுரண்டிச் சுத்தமாக வைத்த சரிவுகளின் மேல்மண் மழையோடு போனது. 1931இல் அங்கே அரசுக் குழு ஒன்று மண் அரிப்பைப் பற்றியே தனி அறிக்கை தர நேர்ந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலும் இதே பட்டறிவுக்குப் பிறகுதான் மரங்களுக்கிடையே அவரை இனக் கொடிகளைப் படரவிட்டார்கள். கேமரன் மலையில் 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபூபக்கர் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கம், மேலே வெட்டித் திறந்த நிலங்களிலிருந்து வரும் வண்டலால் தூர்ந்துகொண்டே வருகிறது. அதற்குத் தேயிலையைவிடக் காய்கறிப் பண்ணைகளையும் கட்டுமானங்களையும்தான் அதிகம் குறை சொல்ல வேண்டும்.

ஆக, இடுக்கை வெறுமையாக விடாமல் இருப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. இதற்கான ஏற்பாடு கல் பாவும் நாளிலேயே தொடங்குகிறது. நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய ஜல்லிப் படுகை, அதன்மேல் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு மணல், மீட்டருக்கு ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் வாட்டம். ஓரத்தில் கற்கள் நகராமல் பிடிக்கச் சிமெண்டு விளிம்பு கட்டாயம். விளிம்பில்லாத முற்றம் ஒரு மழைக்காலத்திலேயே விரியத் தொடங்கும். கல்லுக்குக் கல் இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நுண்மணலைக் கூட்டிக் கூட்டி உள்ளே தள்ளி, தட்டி இறக்கி, மீண்டும் நிரப்ப வேண்டும். வாய்வரை மணல் நிறைந்த இடுக்கில் தூசிக்கும் இலைக்கும் இடமில்லை. சிமெண்டுக் கலவையால் அடைத்துவிடலாமே என்று தோன்றும். மலைச் சரிவில் மண் கொஞ்சம் இறங்கினாலும் அது வெடிக்கும்; வெடிப்பில் முளைத்த புல்லைப் பிடுங்குவது மணல் இடுக்கில் முளைத்ததைப் பிடுங்குவதைவிடக் கடினம்.

பசை கலந்த பாலிமர் மணல் என்று ஒன்று கிடைக்கிறது. தண்ணீர் பட்டதும் இறுகி, விதை வேரூன்ற விடாமல் தடுக்கும். விலை கூடுதல்தான், அதைவிடப் பெரிய தொல்லை வானம். போடும்போது இடுக்கு காய்ந்திருக்க வேண்டும், போட்டபின் ஒரு நாளாவது மழை கூடாது. முந்திக்கொண்டு மழை வந்தால் பசை கரைந்து கல்லின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும். மழை சற்றுக் குறையும் ஜனவரி, பிப்ரவரியில் செய்தால் பிழைக்கலாம்.

ஏற்கெனவே முளைத்துவிட்டதா? மழை விட்ட மறுநாள், பூ விடுவதற்கு முன், முனை வளைந்த பழைய கத்தியால் வேரோடு நெம்பி எடுப்பதே இன்றும் நல்ல வழி. கொதிநீர் ஊற்றினால் இளசுகள் சாகும். ஆழ வேர் உள்ளவை திரும்பத் துளிர்க்கும், திரும்ப ஊற்ற வேண்டும். சமையல் வினிகர் இலையை மட்டும் கருக்கும், சிமெண்டுக் கல்லையும் அரிக்கும். உப்பு போட்டால் அடுத்திருக்கும் ரோஜாவும் சேர்ந்து போகும். நீர்பீச்சியால் அடித்துக் கழுவுகிறவர்கள் பாசியோடு மணலையும் சேர்த்து வெளியேற்றிவிடுகிறார்கள். அன்றே மணல் நிரப்பாவிட்டால் அடுத்த மாதம் புல்லுக்குப் புது வயல் தயார்.

கால் அதிகம் படாத, அகலமான இடுக்குகளில் வேண்டிய செடியை நாமே வைத்துவிடுவது இன்னொரு வழி. ஈரமும் பாதி நிழலும் இருந்தால் வல்லாரை தானே ஓடிப் பரவும், மற்றவற்றுக்கு இடம் தராது. மலாய்க்காரர்கள் பெகாகா என்று பச்சையாகவே சோற்றோடு சேர்த்துச் சாப்பிடும் கீரை அது. முன்பு மருந்து தெளித்த முற்றமாக இருந்தால் மட்டும் அதைச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.